சிரிப்புக்கு முன்னால் நான் சேர்த்த சொல்

1. இதை எழுதுபவன் உன் தந்தை, வயது எழுபத்தொன்று, சட்டம் படித்து, நீதிமன்றச் சாட்சியங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பணியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். தெளிந்த நினைவோடு, எவர் தூண்டுதலும் இன்றி எழுதுகிறேன்.

2. அன்பு மகளுக்கு, நீ நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். நாங்கள் இருவரும் உடலளவில் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மருத்துவர் சொன்ன நடையைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலேயே முடித்துவிடுகிறாள். இனி நீ தொலைபேசியில் கேட்டதற்கு வருகிறேன். மருத்துவமனையில் இறந்துபோனவரின் உறவினர்களிடம் பெரிய மருத்துவர் செய்தி சொல்லும்போது, பின்னால் நின்ற நீ சிரித்துவிட்டாய் என்றும், அந்தச் சிரிப்பு 'டெரிசிவ்' என்று புகாரில் இருப்பதாகவும், திங்கட்கிழமைக்குள் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும், இல்லையேல் தாதி வேலை போய்விடும் என்றும் சொன்னாய். ஒத்தை வார்த்தைதானேப்பா, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இருந்துடுறேனே என்றாய். ஏளனமான என்பது அதன் பொருள். சிரிப்பு, பார்வை, குரல் ஆகியவற்றுக்கு முன்னால் வரும். ஆனால் வெறும் கேலி அன்று. எதிரில் இருப்பவரைத் துச்சமாக நினைத்து, அது அவருக்கு உறைக்கட்டும் என்றே செய்வது. காதில் விழுந்த ஒலியோடு நிற்காமல், உள்ளே இருந்த எண்ணத்தையும் அது சொல்லிவிடுகிறது. கையெழுத்திட்டால் உன் எண்ணத்துக்கு நீயே சாட்சி ஆகிவிடுவாய்.

இதை நான் அகராதி பார்த்துச் சொல்லவில்லை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டியில் ஒருவன் விழுந்து இறந்தான். தள்ளிவிட்டதாக மேற்பார்வையாளர் மீது வழக்கு. அங்கே கூட்டிப் பெருக்கும் பெண் கூண்டில் ஏறி, எட்டிப் பாத்தாருங்க, சிரிச்சாருங்க, வேற எதுவும் எனக்குத் தெரியாதுங்க என்றாள். நான் ஆங்கிலத்தில் எழுதும்போது சிரிப்புக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சேர்த்தேன். வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. படித்துக் காட்டினேன், ஆங்கிலம் அறியாத அவள், நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் சார் என்று கைநாட்டு வைத்தாள். தீர்ப்பில் அந்தச் சொல் மூன்று இடங்களில் வந்தது. அவர் தள்ளினாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. தண்டனையை வாசித்தபோது அவர் சிரித்தார். நீதிமன்றமே உறைந்தது. அருகில் இருந்த நான் மட்டும் கவனித்தேன்: கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, கண்களில் நீர். பயம் வந்தால் அவருக்கு அப்படித்தான் வரும் போலும். நான் வாய் திறக்கவில்லை. நான்காம் ஆண்டில் சிறையிலேயே இறந்தார்.

இனி எழுதுவதை நம்பும்படி நான் கோரவில்லை. நடந்ததை மட்டும் பதிகிறேன். மூன்று வாரங்களாகக் காலை பதினொரு மணி வாக்கில், என் பழைய கோப்புகள் இருக்கும் அறையில், அன்று நீதிமன்றத்தில் கேட்ட அந்தச் சிரிப்பு கேட்கிறது. கதவைத் திறந்தால் நின்றுவிடுகிறது. சாத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. அவளே ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டு, ஏங்க, நம்ம பொண்ணு எப்ப வந்தா, உள்ள சிரிக்கிறாளே என்றாள். எலியாக இருக்கும் என்றேன். முப்பது வருஷமா எலியையா பெத்து வளத்தேன், பயந்தா அவ சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தாள். தேதிகளை ஒப்பிட்டேன். அது முதலில் கேட்டது, நீ மருத்துவமனையில் சிரித்த அன்று.

ஆகவே கையெழுத்திடாதே. பயத்தில் வந்த சிரிப்பு என்று உன் கையால் எழுதிக் கொடு. அந்தக் குடும்பத்தாரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேள். அவர்கள் மனம் நொந்தது உண்மை. வேலை போனால் போகட்டும். நானும் அந்தச் சொல் என்னுடையது என்று பிரமாணப் பத்திரம் எழுதிவிட்டேன். நாளை நீதிமன்றத்தில் ஒரு படியும், மேற்பார்வையாளரின் மகளிடம் ஒரு படியும் கொடுப்பேன். என் மீது நடவடிக்கை வரக்கூடும், வரட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும். திங்கட்கிழமை என்பதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

சாட்சிகள்:
1. உன் அம்மா.
2. எதிர்வீட்டுத் தையற்காரர். உள்ள யாரோ சிரிக்கிறாங்க சார் என்று சொல்லிவிட்டே கையெழுத்திட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் எதையும் சேர்க்கவில்லை.