ஒட்டகத்தில் ஏறிப்போன மணமகள்

அலுமாரியின் அடித்தட்டைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம் மூக்கில் ஏறியது. மகளின் சேலைகளை எடுக்கப் போனவள், உன் புத்தகத்தோடு அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். உன் கூடப்பிறந்த காக்கா கொழும்பிலிருந்து வாங்கித் தந்த அந்தத் தடித்த சரித்திர நாவல். என் சிநேகிதியே, நீ மௌத்தாகி மண்ணுக்குப் போய் ஒரு வருசம் முடியப் போகிறது. உன்னைக் கேட்காமல் நான் எடுத்த முதல் பெரிய முடிவைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வாசிப்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நீ தைப்பாய், நான் வாசிப்பேன். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் பின்னேரம் அஸர் பாங்கு வரைக்கும் பாரசீகம், சீனம், துருக்கி என்று சுற்றிவருவோம். போர்க்களம் வந்தால் உன் மெஷின் பாட்டுக்கு ஓடும். கல்யாணமோ பிரிவோ வந்தால் நின்றுவிடும்.

இந்த நாவலில் ஒரு பாலைவனத்துப் பெண், கல்யாணம் முடிந்த கையோடு, ஒட்டகத்தில் ஏறி அழுதபடி போகிறாள். மெஷின் நின்றது.

"ஏன் புள்ள இவ அழுறா? எங்க போறா?"

"மாப்பிள்ளைட ஊட்டுக்கு."

"விசரா? ஊடு பொம்புளைக்குத்தானே. அவன்தான் பொட்டியத் தூக்கிட்டு வரணும்!"

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நம் கிழக்குக் கரையில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். உலகம் முழுக்க அப்படித்தான் என்று பதினெட்டு வயதில் இருவரும் நம்பினோம். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'இது பிழை' என்று எழுதினாய். கதாசிரியருக்குக் கல்யாணமே ஆகவில்லை போல என்று நான் வேறு தீர்ப்புச் சொன்னேன். இன்னும் நாலைந்து தேசத்துக் கதைகளை வாசித்த பிறகுதான் பிழை விட்டது நாம் என்று தெரிந்தது. "ஆரும் நமக்குச் சொல்லல்லயே" என்று சிரித்தாய். உனக்கு வெட்கமே வரவில்லை.

நோயில் படுத்திருந்தபோது அதையே மறுபடி வாசிக்கச் சொன்னாய். "எத்தின ராச்சியம் பார்த்திட்டம் புள்ள. நம்மட கால் அக்கரைப்பற்றைத் தாண்டி எத்தின தரம் போயிருக்கும்?" என்றாய்.

இப்போது மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை மலைநாட்டு மாத்தளைக்காரர். அவருடைய உம்மா பக்கவாதத்தில் படுக்கை. வேறு பிள்ளைகள் இல்லை. "நான் அங்க போய் இருக்கன் உம்மா" என்றாள் மகள். அவளுக்கென்று பன்னிரண்டு வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு! கோபத்தில் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "ஊட்டக் கட்டி வெச்சிட்டு மகளை அனுப்பப் போறியா?" என்று மச்சி ஒருத்தி வாசலில் நின்றே கேட்டாள்.

இன்று நிலத்தில் இருந்தபடி அந்த அத்தியாயத்தைத் தனியே வாசித்தேன். அந்தப் பெண் அழுதாள்தான். ஆனால் அவளை யாரும் தூக்கி ஏற்றவில்லை; தானாக ஏறினாள் என்று ஒரு வரி இருக்கிறது. பிழை பிடிக்கிற அவசரத்தில் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை.

எழுந்து போய் மகளிடம் "ஓம், போ" என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் முடிவில் மாற்றமில்லை.

"தனிய இருந்திடுவீங்களா உம்மா?" என்று கேட்டாள்.

"ஆரு தனிய இருக்கப் போறா? மாசம் ஒருக்கா பஸ் ஏறி வருவன். சம்மந்திக்கு ஒரு கதைப் புத்தகமும் கொண்டு வருவன், படுக்கையில கேட்டுக்கொண்டு கிடக்கட்டும்."

சொன்ன பிறகுதான் அது உன் குரல் என்று எனக்குத் தெரிந்தது. நீ விட்டுப்போனதில் அந்தத் துணிச்சலும் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஐம்பத்தொரு வயதில், முதல்முறையாக, மலையைப் பார்க்கப் போகிறேன்.