எனக்கு முன்னம் எல்லை கடந்த பெட்டி

வெள்ளி, ஜூன் 5

மழை. பெட்டி கட்டியாச்சு. திங்கள் முதல் கொப்பன்ஹேகனில் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலை, ஆறு மாதம். விசா வேண்டாம், அனுமதி வேண்டாம், ஒரேயொரு கையெழுத்து. அப்பா நோர்வே வர எத்தனை தூதரக வாசலில் நின்றவர்!

ஆனால் வரி எந்த நாட்டுக்கு? பென்ஷன்? இங்கே கேட்டால் அங்கே கேள் என்கிறார்கள். மகள் அனு ஒன்பது வயசுக் கோபத்தோடு என்னோடு கதைப்பதில்லை.

என் கணவர் கலண்டரோடு வந்தார்.

"இஞ்சரும், திங்கள் நீர் வெளிக்கிடுற நேரம் ராகுகாலம். பெட்டியை இண்டைக்கே நல்ல நேரத்திலை வேறை வீட்டிலை வைப்பம், பயணம் அப்பவே துவங்கினமாதிரி."

முன்வீட்டு மாரெக், போலந்துத் தச்சர். பெட்டியில் கொப்பன்ஹேகன் அறை விலாசத்தைக் கட்டிக் கொடுத்து, இவர் நோர்வீஜிய மொழியில் விளக்கம்: "இவவுக்கு முதல் பெட்டி புறப்பட வேணும்." மாரெக் தலையாட்டினார்.

சனி

வெயில். பின்னேரம் பெட்டியிலிருந்து வேலைச் சப்பாத்தை எடுக்கப் போனால் மாரெக் வீடு பூட்டு. போன் எடுத்தேன்.

"பெட்டியோ? என்னோடைதான். முதல் அது போகவேணும் எண்டியள். நான் ஊருக்கு, வீட்டை போற வழிதானே, கொண்டுபோய்க் குடுப்பம் எண்டு ஏத்தினன். அங்கை ஒருத்தரும் கதவு திறக்கேல்லை. இப்ப பெட்டியும் நானும் போலந்திலை. புதன் திரும்பேக்கை தாறன்."

பாஸ்போர்ட், வேலைச் சப்பாத்து, பருத்தித்துறைத் தட்டை வடை எல்லாம் அதற்குள். வழியில் ஒருவரும் மறிக்கவில்லையாம். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

திங்கள்

கைப்பை, ட்ரைவிங் லைசன்ஸ், இவருடைய மழைக்கோட்டு. புறப்பட்டது அசல் ராகுகாலத்தில். "பெட்டி போயிட்டுதுதானே, பயமில்லை," என்றார் இவர். சமாளிப்பு மன்னன்!

மதியமே வேலையில் சேர்ந்தேன், பிடித்திருக்கிறது. டேனிஷ் எழுத்தில் விளங்குகிறது, வாயில் விளங்கவில்லை. அனு போனுக்கு வரவில்லை.

புதன்

காலையில் சனிக்கிழமை ஓவர்டைம் கேட்டார்கள். வார இறுதிக்கு வீடு போவதாயிருந்தும் ஓம் என்றுவிட்டேன்.

மதியம் ஆஸ்பத்திரி வாசலில் மாரெக், பெட்டியோடு. வடையில் பாதி இல்லை.

"பெட்டிக்குள்ளை என்ன மணக்குது எண்டு மகள் விடேல்லை. உறைப்பிலை அழுதவள், பிறகும் கேட்டவள்." சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "நோர்வே வந்து அஞ்சு வருசம். முதல் மாதாமாதம் வீட்டை போனனான். ஒருக்கா ஓவர்டைம் எண்டு நிண்டன். அடுத்தமுறை நிக்கிறது லேசாப் போச்சு. இந்தமுறை மகள் என்னைப் புது ஆள்மாதிரிக் கண்டு வெக்கப்படுறாள்."

தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நேரே மேலே போய், சனிக்கிழமை வரமாட்டேன் என்று சொன்னேன். முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

வெள்ளி

ட்வெய்ட்டா, எங்கள் வீடு. மணி அடிக்கமுன் கதவு திறந்தது. அனு! கட்டிப்பிடித்தபடி ஒரு வாரக் கதையை ஒரே மூச்சில். நான் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

சப்பாத்துக் கழற்றுமிடத்தில் சின்னச் சிவப்புப் பள்ளிக்கூடப் பை. எங்களுடையதல்ல.

"மாரெக்கின்ரை மகளின்ரை," என்றார் இவர். "தாயும் பிள்ளையும் ஓகஸ்ட்டிலை இஞ்சை வந்திடுவினமாம். என்னட்டை நல்ல நேரம் கேட்டு, காலமை கொண்டந்து வைச்சவர். பை முதல் புறப்பட வேணுமாம்."

வழிக்குக் குறுக்கேதான் கிடக்கிறது. மூன்று பேரும் சுற்றித்தான் போகிறோம்.