தினமும் பழம் தின்றவர்

அந்தியூர்
ஞாயிற்றுக்கிழமை

நந்திதாவுக்கு,

வணக்கம். எங்கப்பா உன்னிடம் சொன்னது பொய். அதைச் சொல்ல வைத்தவர் உங்கப்பா.

இதை வாட்ஸ்அப்பில் எழுதினேன். பார்த்தாய், பதில் இல்லை. அதனால் உன் விடுதி முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம், சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு ஆபரேஷன் புண் ஆறிவிட்டது. வயிற்றில் பாதிதான் மிச்சம். ஒரு டம்ளர் கஞ்சி குடித்தால் சுருண்டு படுத்துக்கொள்கிறார். இப்போது புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டதாகக் கோவையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. திருப்பூர் கம்பெனியில் லீவு போட்டு வந்து கூடவே இருக்கிறேன்.

உன் படிப்புக்கான ஆராய்ச்சியில், சாப்பாட்டில் வைட்டமின் குறைந்தவர்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் கூடுதலாக வருகிறதா என்று பார்க்கிறேன், நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் கேட்டு ஒப்பிடுகிறேன் என்றாய். நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்க எங்கள் வீட்டுக்கு உங்கப்பாவோடு வந்தாய். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருடைய கொய்யாத் தோட்டத்தில் பாடுபட்ட மனிதரிடம், நோய்க்கு முன்னால் வாரத்தில் எத்தனை நாள் பழம் சாப்பிட்டீர்கள் என்று கேட்டாய்.

அப்பா உன்னைப் பார்க்கவில்லை, உங்கப்பாவைப் பார்த்தார். "தெனமுந்தானுங்க அம்மணி. நம்ம தோட்டத்துல இல்லாத பழமுங்களா?" என்றார்.

உங்கப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "மாசாணம் தின்னாத பழமா? அணிலே இவனுக்கு அப்பறந்தான்."

எங்கப்பாவும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தபோது நானும் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் பழம் வாங்குவதில்லை என்று உனக்குத் தெரிவதைவிட அந்தப் பொய் எனக்குச் சுலபமாக இருந்தது.

பல வருஷத்துக்கு முன்பு தோட்டத்தில் ஒருநாள் அப்பா கிளி கொத்திய பழம் ஒன்றைக் கடித்தார். உங்கப்பா எல்லா ஆட்கள் முன்னாலும், "என்ன மாசாணம், நீயே மொதலாளி ஆயிட்டயாட்ட இருக்குது?" என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்றோடு அப்பா ஒரு பழத்தைக்கூட வாயில் வைத்ததில்லை. பறித்தார், கூடையில் அடுக்கினார், வண்டியில் ஏற்றினார். மத்தியானம் உங்கப்பா கண்ணெதிரே மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து பழைய சோறும் உப்பு ஊறுகாயும் தின்றார், சில நாள் கருவாடு.

பழம் தின்றிருந்தால் இந்த நோய் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அது உறுதியாகத் தெரியாது என்று நீயே சொன்னாய். தெரியாததால்தானே கேட்கிறாய்? இப்போது உன் கணக்கில் எங்கப்பா தினமும் பழம் தின்றும் நோய் வந்தவர். எங்கள் தெருவில் நீ கேட்ட மற்றவர்களும் உங்கப்பாவை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்லியிருப்பார்கள்? நாளைக்கு உன் ஆராய்ச்சி, இந்தப் பக்கத்துக் கூலி ஆட்களுக்குப் பழத்தில் குறையே இல்லை என்று சொல்லும்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். "தோட்டத்துக்காரப் பண்ணாடிய வெச்சுக்கிட்டு ஊறுகாயத் தின்னேன்னு சொன்னா, அவுங்க கூலியக் கொறை சொன்னாப்பல ஆயிராதா கண்ணு? அந்த அம்மணியும் பரிச்சைல பாஸ் ஆகோணுமல்ல?" என்றார். நல்ல பதில் சொன்னால் உனக்கு மார்க் வரும் என்று நம்பிச் சொல்லியிருக்கிறார், நந்திதா.

நீ தனியாக வந்தால் உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். சொன்ன சொல்லை மாற்றி, போகிற காலத்தில் பொய்க்காரன் என்று பேர் எடுக்க மாட்டேன் என்கிறார். நான் சொன்னாலும் மகள் சொல்வது என்றுதான் ஆகும். மத்தியானச் சோற்றை நேரில் பார்த்த இன்னொருவர் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

உன் படிப்பு நல்லபடியாக முடியட்டும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அப்பா இருக்கும்போதே இதைச் செய். உங்கப்பா எதிரில் உட்கார். எங்கப்பாவிடம் கேட்ட மாதிரியே கேள்: தோட்டத்து மாசாணம் மத்தியானத்தில் என்ன தின்றார்? அவர் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எனக்கு எழுதி அனுப்பு.

சண்முகப்ரியா