மூன்று நாள் காலி வரிகள்

செவ்வாய், இரவு பத்தரை.

எரியோடு மில்லில் நூலின் பலம் பார்க்கும் மெஷின் மூன்று நாளாகப் படுத்துக் கிடக்கிறது. அந்த மூன்று நாள் ரிப்போர்ட்டும் இன்றே போக வேண்டுமென்று மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏலே அப்பு, போன மாசம் எக்செல்ல ஒரு வித்தை காட்டுனியே, அதைப் போட்டு நிரப்பிவிடு."

தப்பு என்னுடையதுதான். பழைய சராசரியையும், எண்கள் அதிலிருந்து எவ்வளவு விலகும் என்பதையும் கொடுத்தால் நிஜம் போலவே ரேண்டம் எண்கள் கொட்டும் என்று பீற்றிக்கொண்டவன் நான். இன்று அதே ஃபார்முலாவைப் போட்டு, அவர் கண் முன்னாலேயே எஃப்-9 பட்டனைத் தட்டினேன். நாற்பது எண்களும் மாறின. மறுபடி தட்டினேன், மறுபடி மாறின.

"எந்த நூலு சார் தட்டத் தட்டப் பலம் மாறும்?"

"வேல்யூவா பேஸ்ட் பண்ணா நிக்கும்ல. எனக்கு அம்புட்டுக்கூடத் தெரியாதுன்னு நெனச்சியா?"

தெரிந்தே கேட்கிறார். அதுதான் எரிச்சல். எல்லாவற்றையும் அழித்தேன். மூன்று நாளுக்கும் 'மெஷின் பழுது, சோதிக்கவில்லை' என்று அடித்து, நூல் வாங்கும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

"நாளைக்கு வாரப்ப ஐடி கார்டைக் கையில எடுத்துட்டு வா," என்றார்.

எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறேன். அவர் கேட்கும் முன்பே மேசையில் வைப்பேன். வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் இன்னும்... அது கிடக்கட்டும். இழுத்து அறுத்துப் பார்க்காத நூலுக்கு என் கையால் எண் வராது.