செல்வியின் காலில் போட்ட கோடு

புரட்டாசி 18, வெள்ளி

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும்போது தங்கை செல்வியின் பாதத்தில் கெளுத்தி மீன் முள் ஏறி நாலு நாள் ஆகிறது. நான்தான் சுண்ணாம்பும் டீசலும் குழைத்துக் கட்டினேன். என் கைராசி பழவேற்காடு முழுக்கத் தெரியும்.

காலையில் வந்த நர்ஸ் பெண் கட்டை அவிழ்த்ததும் மூக்கைப் பொத்தினாள். சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள்.

"செவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா உடனே பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடணும். டீசல் ஊத்த இது இன்னா போட் இன்ஜினா மாமா?"

தெருவே சிரித்தது.

மதியமே சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய் தொட்டு அந்தக் கோட்டை அழித்து, நாலு விரல் தள்ளி வேறு கோடு போட்டேன். நர்ஸ் சின்னப் பெண், அளவு தெரியாமல் போட்டிருந்தாள்.

சாயங்காலம் செல்வி குளிரில் நடுங்கிக்கொண்டே கேட்டாள். "தாண்டிடுச்சாண்ணா?"

"கோட்டுக்குள்ளதாம்மே கீது. எல்லாம் உங்க அண்ணன் மருந்து."

"நீ இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கோட்டைத் தாண்டவில்லை என்று தெருவில் போய்ச் சொன்னேன். இந்த முறை எவனும் சிரிக்கவில்லை.

இப்போது சிவப்பு முழங்காலுக்கு வந்துவிட்டது. ஏதேதோ பிதற்றுகிறாள். விடியட்டும், பொன்னேரிக்குக் கூட்டிப் போகிறேன். அதற்கு முன் என் கோட்டை அழித்துவிட வேண்டும்.