ரோட்டில் கொட்டும் பூ

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். ஆடிக் காற்று புழுதியைத்தான் கொண்டுவருகிறது, மழையை அல்ல. முதல் பஸ்ஸில் சித்தூர். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். வரிசை கேட் வரைக்கும். பாதிப் பேருக்குப் பட்டா, மீதிப் பேருக்குப் பென்ஷன். எனக்குப் பூ.

மனு வாங்கும் பெண்ணுக்கு என் முகம் பழகிவிட்டது. "மள்ளீ ஒச்சாரா தாத்தா? மறுபடியும் அதே பூவா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டாள். அதே பூதான் என்றேன். பக்கத்து மேஜைக்காரன் குனிந்து சிரித்தான்.

உள்ளே இருந்த அதிகாரி மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார். "சாவு விஷயத்துல நாங்க கை வைக்க முடியாது பெரியவரே. ஜனங்களோட நம்பிக்கை."

"நம்பிக்கை பாடையோட இருக்கட்டும் சார். பாடையில பூ போடாதேன்னு நான் எழுதலையே. ரோட்டுல போடாதேன்னுதான் எழுதியிருக்கேன்."

மேலே அனுப்புகிறேன் என்றார். மேலே என்பது எது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

மனுவை நானே தெலுங்கில் எழுதினேன். ஐந்தாவது வரை தமிழில் படித்தவன். தெலுங்கு எழுத்து பஸ் போர்டு பார்த்து, பேப்பர் பார்த்து, நானாகக் கற்றது. இன்றைக்கு எவனுக்கும் கை ஏந்தாமல் எழுதுகிறேன். அதிகாரி அதில் ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. பதிலும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் என் பெண்டாட்டி ச. கட்டிலில் இருந்தபடியே கேட்டாள். "இன்னா, பூவை ஒழிச்சிட்டியா?"

பையை ஆணியில் மாட்டினேன். வாங்க வேண்டியவை: முட்டித் தைலம், வாக்கர் காலுக்கு ரப்பர், டீத்தூள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாக்கருக்கு ரப்பர் மாட்டினேன். முன்னங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து கட்டில். அவளுடைய ஊர் இப்போது அவ்வளவுதான்.

சந்தைக்கு ஸ்கூட்டரில் போய்த் திரும்பினோம், போன கார்த்திகையில். பின்சீட்டில் ச., மடியில் கத்தரிக்காய்ப் பை. எவனோ முன்பின் தெரியாதவனுடைய பிணம் எங்களுக்கு முன்னால் அந்த வழியாகப் போயிருக்கிறது. மாலையைப் பிய்த்துப் பிய்த்து ரோடு முழுக்க இறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன்மேல் ஆட்டோ ஏறி, லாரி ஏறி, சாமந்தி கூழாகிவிட்டது. வளைவில் பிரேக் போட்டேன். வண்டி சோப்பில் வைத்ததுபோல் போனது. எனக்கு முழங்கை தோல். அவளுக்கு இடுப்பு. திருப்பதியில் ஆபரேஷன். உள்ளே தகடு.

இதை எல்லோரிடமும் சொல்லியாயிற்று. எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். "நேரம் சரியில்ல மாமா." நேரமாம். பூ என்று ஒருத்தன் வாயால் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

விடிகாலை தறிச் சத்தம் நின்றுவிட்டது. கரண்ட் போயிற்றோ என்று பார்த்தால் ஃபேன் ஓடுகிறது. அப்படியானால் சாவுதான். நகரியில் எங்கள் தெருவில் எவர் வீட்டில் உயிர் போனாலும் எல்லாப் பவர்லூமும் நிற்கும். பிணம் எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள்.

எதிர்வீட்டு முனிரத்தினம். தூக்கத்திலேயே.

அவனுடைய எட்டுத் தறிக்கும் நான்தான் மெக்கானிக்காக இருந்தேன், முட்டி மடங்காமல் போகும்வரைக்கும். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கருமி. ஒரு நட்டுக்கு நாலு தடவை யோசிப்பான். ச. விழுந்தபோது ஆட்டோ பிடித்து வந்தவன் அவன்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

குளித்துவிட்டுப் போனேன். மாலை வாங்கவில்லை. கோடி வேட்டி கொண்டுபோய்க் காலடியில் வைத்தேன். மகன் பாபு ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். புனேவிலிருந்து பாபுவின் தங்கச்சி வரவேண்டும், நாளைக்கு எடுக்கிறார்கள். பூப்பல்லக்குச் சொல்லியாயிற்று. மேளம், வெடி, மூட்டை மூட்டையாய்ப் பூ. ஆற்றங்கரைச் சுடுகாடு வரை மெயின் ரோட்டு வழியாக.

பாபுவைத் தனியாகக் கூப்பிட்டேன். வரவில்லை. ஆகவே அங்கேயே சொன்னேன். பல்லக்கு எவ்வளவு பெரிசாக வேண்டுமானாலும் கட்டிக்கொள். பூவைப் பல்லக்கிலேயே கொண்டுபோய்ச் சுடுகாட்டில் போடு. ரோட்டில் இறைக்காதே.

"மாமா, நைனா படுத்துக்கினு கீறாரு. இப்ப இதான் பேசணுமா?"

"எரிச்சப்புறம் வந்து பேசட்டுமா?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். தெருவில் பெரியதனம் செய்யும் ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து எழுந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன்.

"கன்னியப்பா, அந்த மனுசன் ஆயுசு பூரா ஒரு மொழம் பூ வாங்கினவன் இல்ல. ஒரு நாள் பூவுல போறான். உனக்கு இன்னா வயித்தெரிச்சல்?"

"என் பொண்டாட்டி இடுப்பு எரியுது. அதான்."

"அது யாரோ எவனோ போட்ட பூ. முனிரத்தினமா போட்டான்?"

"நாளைக்கு நீ போடற பூ எவன் பொண்டாட்டிக்கோ யாரோ போட்ட பூதான்."

நியாயத்தில் தோற்றவன் எப்போதும் செய்வதைச் செய்தான். குரலை உயர்த்தினான். "உன் வூட்டுக்கும் சாவு வரும்யா. எவன் தோள் குடுக்கறான்னு பாத்துக்க."

வந்துவிட்டேன். பசி. அடுப்பு மூட்ட ச. விடவில்லை. காலையிலிருந்து இரண்டு பேருக்கும் நீர்மோர்.

"இன்னா பேசினே அங்க? சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"உள்ளதைப் பேசினேன்."

"பொணத்தாண்ட இன்னாயா உள்ளது?"

ஆகஸ்ட் 7, வியாழன்

புழுக்கம். கோபம் அடங்கவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

எதிர்வீட்டில் பல்லக்கு எடுக்க மேளம் அடித்ததும் ச.வின் வாக்கரை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கத்தினாள். "அத்த இன்னாத்துக்கு எடுக்கற?" சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை.

தெரு மெயின் ரோட்டைத் தொடும் வளைவில், நடுவில், வாக்கரை விரித்து வைத்து அதன் பின்னால் நின்றேன். யாரையும் மறிக்கவில்லை. ஓரமாகப் பல்லக்கு போக இடம் இருந்தது. பூ இறைக்கிறவன் கண்ணில் அது படவேண்டும், அவ்வளவுதான். வாயால் சொன்னால் உச்சுக் கொட்டுகிறார்கள். கண்ணால் பார்க்கட்டும்.

பல்லக்கு நின்றது. மேளம் நின்றது. வெடி வைக்கிறவன் திரியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் ஏகாம்பரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னால் பஸ் ஹாரன். கூட்டத்தில் யாரோ "தள்ளி வுட்டுட்டுப் போங்கப்பா கெழத்த" என்றான். பாபு தீச்சட்டியோடு தலை குனிந்து நின்றான். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அவனுடைய மச்சான், புத்தூர்க்காரன், பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். வாக்கரை மடக்கி என் கையில் கொடுத்தான்.

"அத்தைக்கு வேணுமே மாமா. எடுத்துக்கினு போ."

அதற்குள் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வளைவில் வேண்டுமென்றே இரண்டு மாலையைப் பிய்த்து என் காலடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தால் ச. கட்டிலில் இல்லை. வாசல்படியில், தரையில். பாவாடை முழுக்கத் தூசு. கட்டிலிலிருந்து இறங்கி, உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்திருக்கிறாள். பக்கத்தில் சொம்பு. பல்லக்கு வாசலைத் தாண்டும்போது தண்ணீர் ஊற்றி, சாமி படத்தில் கிடந்த பூவை எடுத்துப் போட்டாளாம். நம் வாசலுக்கு எதிரே ரோட்டில் கிடந்த பூவில் அவள் போட்டதும் கிடக்கிறது. எது அவளுடையது என்று தெரியவில்லை.

தூக்கினேன். என் முட்டி ஒத்துழைக்கவில்லை. இரண்டாம் தடவைதான் எழுப்ப முடிந்தது.

"வலிக்குதா?"

"நீ பேசாத."

ஆகஸ்ட் 8, வெள்ளி

தறிகள் ஓடுகின்றன. சாமந்தி காய்ந்து சுருண்டுவிட்டது. ஆட்டோ டயர் ஏறிய இடம் கறுப்பாக. விளக்குமாறு எடுத்து வளைவு வரை நானே தள்ளினேன். இரண்டு பேர் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள்.

மாலையில் ஏகாம்பரம் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான். நேரில் வரத் துணிவில்லை. கோயிலில் கூடிப் பேசி முடித்துவிட்டார்களாம். இனிமேல் என் வீட்டு நல்லது கெட்டதுக்குத் தெருவிலிருந்து எவனும் வரமாட்டான். வாக்கரை வைத்துப் பிணத்தை நிறுத்தினவனுக்குத் தோள் கிடையாது.

நல்லது என்று சொல்லி அனுப்பினேன். முனிசிபாலிடியில் வண்டி இருக்கிறது. போன் போட்டால் வரும். வண்டிக்கு வெடி வேண்டாம், மேளம் வேண்டாம், பூ வேண்டாம், ஏகாம்பரம் வேண்டாம். மனிதன் இப்படித்தான் போகவேண்டும்.

திருப்பதியிலிருந்து மகள் போன். யாரோ அவளுக்கு அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா நைனா பண்ணி வச்சிக்கீற? அம்மாவுக்கு எதுனா ஒண்ணுன்னா நானும் உன் மாப்பிள்ளையும் ரெண்டு பேருதான். எப்டித் தூக்கறது?"

"வண்டி கீது."

"வண்டியில ஏத்தறதுக்கும் ஆள் வேணும் நைனா."

வைத்துவிட்டேன். ச. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி சோறு வேண்டாம் என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே:

"என்ன எவன் தூக்குவான்?"

"இப்ப இன்னா அதுக்கு? நல்லாத்தானே கீற."

"எட்டு மாசமா படுத்துக்கினு கீறேன். எனக்கு வேற இன்னா யோசனை வரும்? உனக்கு ரோடு. எனக்கு அது."

அவள் எனக்காக அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அழவில்லை. கணக்குப் பார்ப்பவள்போல் சொன்னாள். சொல்லட்டும். நான் செய்ததில் தப்பு இருந்தால் ஒருத்தன் எடுத்துக் காட்டட்டும். அவள் இடுப்புக்காகத்தான் நின்றேன். அவளே அந்தப் பக்கம் போய்விட்டால் நான் என்ன செய்ய.

ஆகஸ்ட் 9, சனி

டீக்கடையில் எனக்கு டீ கொடுத்தார்கள். பேச்சு கொடுக்கவில்லை. நான் போய் உட்கார்ந்ததும் பேப்பரை மடித்து ஒருவன் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். படித்து முடித்துவிட்டானாம். அப்படியானால் கொடு என்றேன். "படிச்சி இன்னா பண்ணப் போற தாத்தா, மனுதானே எழுதப் போற" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன். முழு டீக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான்.

முட்டி வீங்கியிருக்கிறது. வியாழக்கிழமை தூக்கினதால்.

ச. எதிர்வீட்டில் துக்கம் கேட்கப் போகவேண்டும் என்கிறாள். "அந்தப் பொண்ணு புனாவுலேர்ந்து வந்துக்கீது. நான் தூக்கி வளத்த பொண்ணு. போயி ஒரு வார்த்தை கேக்காம இங்க படுத்துக்கினு கீறதா?" நான் கூட்டிப்போக முடியாது என்றேன். முட்டிக்காக என்று நினைத்துக்கொள்ளட்டும். முட்டி நன்றாக இருந்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

"உன்ன யாரு கூப்ட்டா" என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகம் போட்டது, கலைந்தது.

ஞாயிறு தறி கிடையாது. தெரு அமைதி. கறிக்கடைக்குப் போய் நானூறு ரூபாய்க்கு எலும்புக்கறி. கடைக்காரன் துலுக்கன், வேறு தெரு, அவனுக்கு எங்கள் சண்டை தெரியாது. நலம் விசாரித்தான். நின்று இரண்டு நிமிஷம் பேசினேன். தேவைக்கு மேலேயே பேசிவிட்டேன்.

திரும்பி வரும்போது என் வீட்டு வாசலில் செருப்புகள். யாரும் வரமாட்டோம் என்று முடிவு செய்த வாசலில். உள்ளே போகவில்லை. அவர்களே வெளியே வந்தார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ச. முன்னங்கால் இரண்டைப் பாபுவும் புத்தூர்க்காரனும் பிடித்திருக்கிறார்கள். பின்னால் இரண்டு தறிக்காரர்கள். போனில் பாபு பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். தலை வாரி, போன தீபாவளிக்கு எடுத்த பச்சைப் புடவை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். எட்டு மாசத்துக்கு அப்புறம் தெருவில்.

"ஆடாம தூக்குங்கடா" என்றாள். "காவடியா எடுத்துக்கினு போறீங்க, இப்டி ஆட்டறீங்க."

"வெயிட்டு ஏறிட்ட அத்தை" என்றான் பாபு. மொட்டைத் தலை. நாலு நாளைக்கு முன்னால் தகப்பனைக் கொடுத்தவன். சிரிக்கிறான்.

நான் கறிப் பையோடு ஓரமாக நின்றேன். வழி விட வேண்டியதாயிற்று. என்னைத் தாண்டும்போது நான்கு பேரும் என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். கறியைக் கழுவி வை என்று கையால் காட்டினாள்.

கழுவினேன். இஞ்சி தட்டினேன். குக்கர் வைத்தேன். எதிர்வீட்டில் முதலில் ஒப்பாரி, அவள் குரல்தான் மேலே. அப்புறம் பேச்சு. என்ன பேச்சு என்று கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தும் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் அதே நாற்காலியில் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் இறக்கினார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். துக்க வீட்டுக்காரன் ஆயிற்றே, கேட்காமல் இருக்க முடியாது. பாபு "வேணாம்" என்றான். மாமா என்று சேர்க்கவில்லை. போய்விட்டார்கள்.

சோறு போட்டேன். எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டாள். பல நாளாக அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. உப்பு கம்மி என்றாள். கை கழுவக் கிண்ணம் நீட்டினேன்.

"பேசிட்டேன்" என்றாள். "எனக்கு வருவாங்க. பூப்பல்லக்கு, மேளம், எல்லாம். நீ ரோட்டுல வந்து நிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் கேட்டாங்க."

"நிப்பேன்."

"தெரியும். நீ நிப்பேன்னுதான் நானும் அவங்களாண்ட சொன்னேன்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உனக்கும் சேத்துத்தான் தோள் கேட்டேன்."

நான் கேட்கச் சொல்லவில்லை. அதைச் சொன்னேன்.

"பாக்கலாம்னாங்க."

யார் சொன்னது, பாபுவா, அந்தப் புத்தூர்க்காரனா என்றேன்.

"நாலு பேரும்தான்" என்றாள்.