புவனம் அக்காவின் தோட்டம்

10 மார்ச் 1994, வியாழன்

இன்று புவனம் அக்காவைத் தகனம் செய்துவிட்டு வந்தோம். எங்கள் ஆட்களில் கடல் கடந்து இந்தக் கோலியர்ஸ் வுட்டுக்கு முதலில் குடிவந்தவர் அவர்தான். கணவர் இறந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த தரிசுத் துண்டில் உடைந்த கண்ணாடியெல்லாம் பொறுக்கி, தனியாகக் கொத்தி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் விளைவித்தார். அகதியாக வந்த எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் சோறு போட்டது அந்தத் தோட்டம்தான்.

சடங்கு முடிந்ததும் அவர் மகள் வசந்தி என்னிடம் வந்தாள்.

“அண்ணை, ஒருத்தரும் பாக்காட்டி கவுன்சில் தோட்டத்தைத் திருப்பி எடுத்துப்போடும். அம்மா உங்களைத்தான் கேக்கச் சொன்னவ.”

“எனக்கு நைட் ஷிப்ட், பிள்ளை. ஏலாது.”

போன வருடமே பகல் வேலைக்கு மாறிவிட்டேன். குளிரில் மண் கொத்த மனமில்லை, அவ்வளவுதான்.

“ஓம் அண்ணை, உங்களுக்கும் கஷ்டம்தானே” என்று அவள் என்னைத் தேற்றினாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “அக்கான்ர தோட்டத்தை இனி ஆர் பாக்கிறது?”

“ஆரோ பாக்கினமாம்.”

“அது போதும். அவ நிம்மதியாப் போயிருப்பா” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். நான் இன்னும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.